உட்கருவுக்குள் லிப்பிட்: நிஜமா, எண்டோபிளாச வலையின் ஒட்டலா? மரபணு இயக்கத்தில் அதன் பங்கை எப்படி நிறுவுவது?

செல்வலை (கேள்வி)

வணக்கம். ஹெப்-ஜி2 (மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல் வரிசை) செல்களிலிருந்து உட்கருவைப் பிரித்து, மாஸ் ஸ்பெக்கில் (மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் கருவி) லிப்பிட் அளந்த தரவு கையில் இருக்கிறது. பாஸ்ஃபாடிடைல்கோலின், கொலஸ்ட்ரால், ஸ்பிங்கோமைலின், கூடவே மிகக் குறைந்த அளவில் பிஐபி2 (தலையிலுள்ள இனோசிடால் வளையத்தில் இரண்டு கூடுதல் பாஸ்பேட் ஏறிய லிப்பிட்) எல்லாமே தெரிகின்றன. "உட்கருவோடு ஒட்டி வந்த எண்டோபிளாச வலையைத்தான் அளந்திருக்கிறீர்கள்" என்பது இதற்கு வரும் எதிர்வாதம். அதை ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

அடிப்படைக் குழப்பமும் ஒன்று உண்டு. உட்கருவின் நடுவில் சவ்வு கிடையாது. இரண்டு கொழுப்பு வால்களைச் சுமக்கும் ஒரு மூலக்கூறு, சுற்றிலும் நீரும் டிஎன்ஏவும் புரதமுமாக இருக்கும் இடத்தில் எப்படி நிற்கிறது?

இன்னொன்று: 400 மைக்ரோமோலார் ஓலியேட் (ஒரு கொழுப்பு அமிலம்) கொடுத்து 24 மணி நேரம் விட்டால் பிடிகே4, ஆங்பிடிஎல்4 இரண்டு மரபணுக்களும் நன்றாக ஏறுகின்றன. அதே செல்களில் கொழுப்பைக் காட்டும் பாடிபி சாயம் போட்டால் உட்கருவுக்குள்ளும் பச்சைத் துளிகள். ஓலியேட் நேரடியாகப் பிபார் ஏற்பியில் (கொழுப்பு அமிலங்களை உணர்ந்து மரபணுக்களை இயக்கும் உட்கருப் புரதம்) போய் ஒட்டி மரபணுவை இயக்குகிறது என்று இதை வைத்துச் சொல்லலாமா? பாட விளக்கத்தைவிட, எந்தக் கட்டுப்பாடு இல்லாமல் எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் வேண்டும்.

---

இனோசிடால்

அடிப்படைக் குழப்பத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லிப்பிட் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பது தெரிந்தால்தான் எதை அளக்கிறோம் என்பதும் தெரியும்.

உட்கரு உறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சவ்வு எண்டோபிளாச வலையின் தொடர்ச்சியே. ஆகவே வலையின் லிப்பிட் அங்கே இருப்பது மாசு அல்ல. ஆனால் அது உட்கருவின் உள்ளே இருப்பதாகவும் ஆகாது. உட்சவ்வு குரோமாட்டினோடு (புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ) நேரடியாகப் பேசுகிறது. உட்சவ்வை உள்ளிருந்து வலைபோல் தாங்கும் லாமின் புரதங்களில், லாமின்-பி கடைசிவரை ஃபார்னெசில் என்ற கொழுப்பு வாலோடு அதில் ஊன்றி நிற்கும். லாமின்-ஏ-யின் வால், முதிர்ச்சியின்போது வெட்டி எடுக்கப்படும். அந்த வெட்டும் இடத்தையும் சேர்த்து 50 அமினோ அமிலங்கள் போய்விட்டால் வருவதுதான் புரோஜெரின். அது வாலோடு சவ்விலேயே சிக்கி, ஓரத்துக் குரோமாட்டினைக் குலைத்துவிடும். புரோஜெரினால் வரும் விரைமுதுமை நோயான புரோஜீரியா உள்ள குழந்தைகளுக்கு 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோனாஃபார்னிப், அந்த வாலை ஒட்டும் நொதியைத்தான் தடுக்கிறது.

உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் புரதக் குழிகளில் இருக்கிறது. எஸ்எஃப்-1 என்ற உட்கரு ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஹார்மோன் ஏற்பிகளில் லிகண்ட் (ஏற்பியில் ஒட்டி அதை இயக்கும் மூலக்கூறு) முழுவதுமாகப் புரதத்துக்குள் மறைந்துவிடும். எஸ்எஃப்-1-இன் குழி பெரியது. பாஸ்போலிப்பிட்டின் இரு வால்களும் உள்ளே போய்விடும். தலைப்பகுதி மட்டும் குழி வாயில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். வால்களைப் புரதம் மூடிவிடுவதால் நீர் ஒரு பொருட்டே இல்லை. சவ்வு செய்யும் வேலையைப் புரதமே செய்துவிடுகிறது.

இதில் அழகான பகுதி அந்த நீட்டிய தலைதான். குழியில் பிஐபி2 இருக்கும்போது, ஐபிஎம்கே என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) வந்து, லிப்பிட்டை வெளியே எடுக்காமல் புரதத்தில் இருந்தபடியே இனோசிடால் வளையத்தின் 3-ஆம் இடத்தில் பாஸ்பேட்டைச் சேர்த்துப் பிஐபி3 ஆக்குகிறது. பிடென் என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டைத் திரும்ப எடுத்துவிடும். சவ்வில் இதே வினையைச் செய்யும் வழக்கமான பிஐ3-கைனேஸின் பி110 துணையலகால், எஸ்எஃப்-1 பிடித்திருக்கும் பிஐபி2-ஐத் தொட முடியவில்லை. 2012-இல் வெளிவந்த இந்த முடிவுகளின்படி, ஐபிஎம்கே-யை அடக்கினால் எஸ்எஃப்-1-இன் படியெடுத்தல் திறனும் குறைகிறது. அதாவது லிகண்டே ஒரு சுவிட்ச். ஏற்பி அப்படியே இருக்க, லிப்பிட்டின் தலை மாறுவதால் மரபணுவின் வேகம் மாறுகிறது. இதன் நெருங்கிய உறவான எல்ஆர்ஹெச்-1, குட்டை வால் கொண்ட டைலாராயில் பாஸ்ஃபாடிடைல்கோலினை ஏற்று இயங்கும் என்பது 2011-இல் காட்டப்பட்டது.

அடுத்து, உறையும் இல்லாமல் ஏற்பிக் குழியும் இல்லாமல் இருக்கும் பிஐபி2. ஃப்ரெண்ட் செல் (எலியின் இரத்தப் புற்றுநோய்ச் செல் வரிசை) உட்கருக்களை ட்ரைட்டான் என்ற டிடர்ஜெண்டில் கழுவி உறையை நீக்கிய பிறகும் அவை பிஐபி, பிஐபி2 இரண்டையும் உண்டாக்குகின்றன என்பதும், செல் வேறுபாடு அடையும்போது அந்த அளவு மாறுகிறது என்பதும் 1987-இலேயே வந்துவிட்டது. இந்தத் துறை தொடங்கியதே அங்குதான். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் பிஐபி2-இன் பெரும்பகுதி, ஸ்பிளைசிங் காரணிகள் (ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் புரதங்கள்) குவிந்திருக்கும் ஸ்பெக்கிள்களில் இருக்கிறது. அதைத் தவிர 40 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள சிறு திட்டுகளாகவும் இருக்கிறது. அத்திட்டுகளின் மேற்பரப்பில் ஆர்என்ஏ பாலிமரேஸ் 2-உம் புதிதாகப் படியெடுத்த ஆர்என்ஏவும் காணப்படுகின்றன.

ஸ்பெக்கிளில் அது சும்மா கிடக்கவில்லை. பிஐபி2-ஐ உண்டாக்கும் பிஐபிகே-ஒன்-ஆல்ஃபா நொதி, ஸ்டார்-பாப் என்ற பாலி-ஏ சேர்க்கும் நொதியோடு சேர்ந்தே நிற்கும். பிஐபி2 ஸ்டார்-பாப்பின் வேகத்தைக் கூட்டும். ஹீம் ஆக்சிஜனேஸ்-1 போன்ற, ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்குப் பதில் தரும் மரபணுக்களின் எம்ஆர்என்ஏ முனை இப்படித்தான் முடிக்கப்படுகிறது. எனவே "லிப்பிட் படியெடுத்தலை மாற்றியதா" என்று மட்டும் கேட்காதீர்கள்; எம்ஆர்என்ஏ பதப்படுத்தலையும் சேர்த்துப் பாருங்கள்.

பிஐ5பி-யும் (5-ஆம் இடத்தில் மட்டும் பாஸ்பேட் ஏறிய உறவு லிப்பிட்) விட்டுவிடக்கூடாதது. இங்-2, டாஃப்3 ஆகிய புரதங்களின் பிஹெச்டி விரல் ஒரு பக்கம் ஹிஸ்டோன் ஹெச்3-இன் 4-ஆம் லைசினில் உள்ள மும்மெத்தில் குறியைப் படிக்கும். இன்னொரு பக்கம் பிஐ5பி-யைப் பிடிக்கும். புறஊதா போன்ற அழுத்தத்தில் பி38 கைனேஸ், பிஐ5பி-யைப் பிஐபி2 ஆக்கும் உட்கரு நொதியான பிஐபி4கே-பீட்டாவை 326-ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றி அடக்குகிறது. அதனால் பிஐ5பி செலவாகாமல் சேர்கிறது. ஹிஸ்டோன் குறியைப் படிக்கும் புரதத்துக்கு அழுத்தச் செய்தி போய்ச் சேரும் வழி இது.

---

மையவிலக்கு

சுத்தம் செய்யும் பகுதியை நான் எடுத்துக்கறேன். எதிர்வாதம் நியாயமானதுதான். அதுக்குப் பதில் சொல்ல வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால புரதத்தைக் காட்டற சோதனை) ஒண்ணு மட்டும் போதாது.

செல் 5 கோடி அளவாவது எடுங்க. குளிர்ந்த பிபிஎஸ்-ல ரெண்டு தடவை கழுவிட்டு, பெல்லட்டைப் போல 5 மடங்கு ஹைப்போடோனிக் பஃபர்ல (ஹெப்பிஸ் 10 மில்லிமோலார் பிஹெச் 7.9, பொட்டாசியம் குளோரைடு 10, மெக்னீசியம் குளோரைடு 1.5) ஐஸ்ல 10 நிமிஷம் ஊற விடுங்க. இறுக்கமான டவுன்ஸ் உலக்கையால 15 தள்ளு தள்ளிட்டு, ஒரு சொட்டு எடுத்து டிரைப்பான் நீலத்துல பாருங்க. பத்துல ஒன்பது நீலமாகணும். ஆகலைன்னா ஐந்தைந்து தள்ளா கூட்டுங்க. ஒரேயடியா 40 தள்ளினா உட்கருவும் உடையும். குழாயில நூல் மாதிரி பிசுபிசுப்பு வந்தா அது வெளிய வந்த டிஎன்ஏ, அந்த சாம்பிளைத் தூக்கிப் போட்டுடுங்க. அதைக் காப்பாத்தப் பார்த்தா, டிஎன்ஏ சுத்தி இருக்கிற சவ்வுத் துண்டையெல்லாம் தன்னோட இழுத்துக்கும்.

மெக்னீசியம் இல்லாம இடிடிஏ போட்ட பஃபர்ல உட்கரு வீங்கி வெடிக்கும். மெக்னீசியம் ரொம்ப கூடினா கட்டி கட்டியா ஒட்டிக்கும், கட்டிக்கு நடுவுல எண்டோபிளாச வலை மாட்டிக்கும்.

600 ஜி-யில 5 நிமிஷம் சுத்தி, பெல்லட்டை 0.25 மோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் மெக்னீசியத்துல கலக்குங்க. அதை 0.88 மோலார் சுக்ரோஸ், 0.5 மில்லிமோலார் மெக்னீசியம் மேல மெதுவா ஊத்தி 2,800 ஜி-யில 10 நிமிஷம் சுத்துங்க. வளர்ப்பு செல்லுக்கு இது போதும். கல்லீரல் திசுவா இருந்தா 2.2 மோலார் சுக்ரோஸ் வழியா அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ்ல ஒரு மணி நேரம் இறக்கணும்.

இப்போ பெல்லட்டை ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதி அப்படியே. இன்னொரு பாதிக்கு 0.5% ட்ரைட்டான், ஐஸ்ல 5 நிமிஷம், பிறகு ட்ரைட்டான் இல்லாத பஃபர்ல மூணு கழுவல். முதல் பாதி உறையோட இருக்கிற உட்கரு, ரெண்டாவது உறை உரிச்சது. ரெண்டையும் தனித்தனியா அளக்கணும். நீங்க சொன்ன பாஸ்ஃபாடிடைல்கோலின்ல பெரும்பகுதி ரெண்டாவதுல காணாமப் போகும்னு எதிர்பாருங்க. பிஐபி2 ஓரளவு நிக்கும். ரெண்டுமே ஒரே விகிதத்துல போச்சுன்னா எதிர்வாதம்தான் சரி.

வெஸ்டர்ன்ல கால்நெக்சின் (எண்டோபிளாச வலை), டியூபுலின் (சைட்டோபிளாசம்), விடாக் (மைட்டோகாண்ட்ரியா), சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் (செல் சவ்வு), லாமின், ஹெச்3 (ரெண்டும் உட்கரு) போடுங்க. லேன்ல சம புரதம் ஏத்தாதீங்க, சம செல் எண்ணிக்கை ஏத்துங்க. இல்லைன்னா மாசு எத்தனை சதவீதம்னு கணக்கே வராது. முதல் பாதியில கால்நெக்சின் கொஞ்சம் தெரியத்தான் செய்யும், வெளிச்சவ்வு வலையோட தொடர்ச்சிங்கறதால. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ரெண்டாவது பாதியில தெரிஞ்சா பதறுங்க.

ஆனா புரதம் போச்சுன்னா லிப்பிட்டும் போச்சுன்னு அர்த்தம் இல்ல. டிடர்ஜெண்ட்ல கரைஞ்ச சவ்வு லிப்பிட், உட்கருவுக்குள்ள இருக்கிற காரப் புரதங்கள்ல போய் ஒட்டிக்க வாய்ப்பு இருக்கு. அதைப் பிடிக்க ஒரே வழி ஐசோடோப்பு கலவைச் சோதனை. ஒரு தட்டு செல்லை கோலின் இல்லாத மீடியத்துல டியூட்டீரியம்-9 கோலின் போட்டு ஒரு நாள் வளர்த்து, உட்கரு நீக்கின சைட்டோபிளாசத்தை மட்டும் எடுங்க. அதை சாதாரண செல்லோட உட்கருவுல, ட்ரைட்டான் போடறதுக்கு முன்னாடி கலந்துடுங்க. மத்ததெல்லாம் வழக்கம் போல. கடைசியில மாஸ் ஸ்பெக்ல 184 துண்டு தர்ற பாஸ்ஃபாடிடைல்கோலின் சாதாரணம். 193 துண்டு தர்றது வெளியிலிருந்து ஒட்டினது. அந்த 193-ஐ, நீங்க கலந்த மொத்த 193-ஆல வகுத்தா வெளி லிப்பிட்ல எவ்வளவு பங்கு ஒட்டுதுன்னு எண்ணாவே கிடைச்சுடும். விமர்சகர் வாயை அடைக்க இதைவிட நல்ல எண் இல்ல. பிஐபி2-க்கு இதே யோசனையில டியூட்டீரியம் இனோசிடால் போடலாம்.

பிரித்தெடுக்கறதுக்கு பிளை-டையர்: 1 மி.லி. நீர்ச் சாம்பிளுக்கு குளோரோஃபார்ம் 1.25, மெத்தனால் 2.5 மி.லி., ஒரே கரைசலா ஆகணும். பிறகு குளோரோஃபார்ம் 1.25, தண்ணி 1.25. கீழடுக்கை எடுங்க. உள்தரம் (அளவு தெரிஞ்சு சேர்க்கற ஒப்பீட்டு லிப்பிட்) முதல் கரைப்பானோடவே போகணும், கடைசியில சேர்த்தா இழப்பு கணக்குல வராது. பிஐபி2-க்கு இந்த நடுநிலைப் பிரிப்பு உதவாது. பாஸ்பேட் மின்னூட்டத்தால அது நீரடுக்கிலயும் புரத இடையடுக்கிலயும் நின்னுடும். 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்துத்தான் எடுக்கணும். அதே அமிலம் பிளாஸ்மலோஜன்கிற இன்னொரு லிப்பிட்டோட வினைல்-ஈதர் பிணைப்பை உடைக்கும். அதனால ஒரே பிரிப்புல ரெண்டையும் அளக்க ஆசைப்படாதீங்க, சாம்பிளைப் பிரிச்சுக்குங்க. பிஐபி2 சாதாரண கண்ணாடியில ஒட்டிக்கும். சிலனைஸ் பண்ண கண்ணாடியோ ஒட்டாத பாலிப்ரோப்பிலீனோ பயன்படுத்துங்க.

ஸ்பெக்ட்ரம்ல 44 இடைவெளியில ஏணிப்படி மாதிரி வரிசையா உச்சங்கள் வந்தா அது ட்ரைட்டான். கழுவல் போதலை. அது இருக்கற வரைக்கும் மத்த லிப்பிட்டோட அயனியாக்கம் அமுங்கும், அளவு எதையும் நம்பாதீங்க.

எண்ணைப் புரதத்தால வகுக்காம டிஎன்ஏ-வால வகுங்க. ட்ரைட்டான் கழுவல்ல புரதம் நிறைய போயிடும், டிஎன்ஏ போகாது. ஹெப்-ஜி2-ல குரோமோசோம் எண்ணிக்கை இயல்பைவிட அதிகம்கறதால வேற செல் வரிசையோட நேரடியா ஒப்பிட வேண்டாம்.

---

குழி_வாசல்

ஓலியேட்–பிபார் கேள்விக்கு: 24 மணி நேரத் தரவை வைத்து "நேரடி" என்று சொல்ல முடியாது. அந்த நேரத்துக்குள் ஓலியேட் ஓலியோயில்-கோஏ ஆகி, டிரைகிளிசரைடாகச் சேர்ந்து, ஒரு பகுதி எரிந்து, சவ்வு அமைப்பையே மாற்றியிருக்கும். அளவும் அதிகம். 400 மைக்ரோமோலார் துளி உண்டாக்கப் பொருத்தம். ஏற்பியைச் சோதிக்க 50 முதல் 100 போதும்.

அல்புமின் விகிதம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. செல் பார்ப்பது மொத்த ஓலியேட்டை அல்ல, அல்புமினில் ஒட்டாமல் இருக்கும் மிகச் சிறு பங்கை. அல்புமினின் வலுவான இடங்கள் நிரம்பிய பிறகு அந்தப் பங்கு செங்குத்தாக ஏறும். அதனால் 100 மைக்ரோமோலார் ஓலியேட் 3:1 விகிதத்தில் ஒரு சோதனை, 6:1 விகிதத்தில் முற்றிலும் வேறு சோதனை. கொழுப்பு அமிலம் நீக்கிய அல்புமின் 10% கரைசல் ஏறத்தாழ 1.5 மில்லிமோலார், அதில் சோடியம் ஓலியேட்டை 4.5 மில்லிமோலார் வரும்படி 37 டிகிரியில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் 3:1. இதை 45-இல் ஒரு பங்காகச் சேர்த்தால் 100 மைக்ரோமோலார். நைட்ரஜன் நிரப்பி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிறு குழாய்களில் உறைய வையுங்கள். ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு அமிலங்களில் சில பிபாரை மூல அமிலத்தைவிட நன்றாக இயக்கும். பழைய ஓலியேட்டில் "நல்ல முடிவு" வருவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். கட்டுப்பாட்டுத் தட்டில் அதே அல்புமின், அதே அளவு, ஓலியேட் இல்லாமல்.

நேரம்: 1, 2, 4 மணி. எம்ஆர்என்ஏ மொத்தத்தை மட்டும் பார்க்காமல், இன்ட்ரானுக்குள் பிரைமர் போட்டுப் புதிதாகப் படியெடுத்த ஆர்என்ஏவையும் பாருங்கள். புரதத் தயாரிப்பை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு போட்டும் மரபணு ஏறினால், இடையில் புதுப் புரதம் தேவைப்படவில்லை என்று பொருள். அதுவும்கூட நேரடிப் பிணைப்புக்குச் சான்று ஆகாது.

நீங்கள் எடுத்த இரண்டு மரபணுக்களும் இந்தக் கேள்விக்கு அவ்வளவு நல்ல தேர்வு அல்ல என்பது என் கருத்து. பிடிகே4-ஐ ஃபாக்ஸோ, குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி இரண்டும் இயக்கும். ஆங்பிடிஎல்4 பல செல்களில் பிபார்-ஆல்ஃபாவைவிடப் பிபார்-டெல்டாவின் பேச்சைக் கேட்கும். ஆக்சிஜன் குறைந்தாலும் ஏறும். சிபிடி1ஏ, ஹெச்எம்ஜிசிஎஸ்2, பெரிலிப்பின்-2 மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எலி ஆய்வுகளைப் பார்த்து ஏகாக்ஸ்1, சிப்4ஏ மரபணுக்களை எடுத்தால் மனிதச் செல்லில் ஏமாற்றமே மிஞ்சும்.

தடுப்பான்: ஆல்ஃபாவுக்கு ஜிடபிள்யூ6471, டெல்டாவுக்கு ஜிஎஸ்கே3787, காமாவுக்கு ஜிடபிள்யூ9662. கடைசியது காமாவின் 285-ஆம் சிஸ்டீனில் நிரந்தரமாக ஒட்டும். அளவைக் கூட்டினால் மற்ற இரண்டையும் தொடும். தடுப்பான் முடிவு எதுவானாலும், ஏற்பியை நீக்கிய செல் வரிசையில் திரும்பச் செய்து பார்க்காமல் எழுதக்கூடாது. நீக்கிய செல்லில் இயல்பான ஏற்பியைத் திரும்ப வைத்தால் விளைவு வர வேண்டும். லிகண்டைப் பிடிக்க முடியாத திரிபை வைத்தால் வரக்கூடாது. அந்தத் திரிபு மடிப்புக் குலைந்து வெறுமனே அழிந்துவிடவில்லை என்று அளவையும் காட்டுங்கள்.

ஏற்பி டிஎன்ஏவில் இருக்கிறதா என்று ஆன்டிபாடியால் பிடித்துப் பார்க்கும் சிப் சோதனை குறைவாகவே உதவும், ஏனென்றால் பிபாரும் அதன் துணை ஏற்பி ஆர்எக்ஸ்ஆரும் சேர்ந்த இரட்டை, லிகண்ட் இல்லாமலேயே பல இடங்களில் உட்கார்ந்திருக்கும். மாறுவது அதன் கூட்டாளிகள். லிகண்ட் வந்ததும் 12-ஆம் ஹீலிக்ஸ் மடங்கி, என்கோர்–ஹெச்டாக்3 (ஹெச்டாக் என்பது ஹிஸ்டோனின் அசிட்டைல் குறியை எடுக்கும் நொதி) விலகி, மரபணுவை இயக்க உதவும் பி300 போன்ற கோ-ஆக்டிவேட்டர்கள் வருகின்றன. எனவே பி300-க்கும் ஹெச்3-இன் 27-ஆம் லைசின் அசிட்டைல் குறிக்கும் சிப் செய்யுங்கள். கோ-ஆக்டிவேட்டர் டிஎன்ஏவை நேரடியாகத் தொடுவதில்லை. ஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் நழுவிவிடும். முதலில் டிஎஸ்ஜி (புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் வேதிப்பொருள்) 2 மில்லிமோலார் 45 நிமிடம், பிறகு 1% ஃபார்மால்டிஹைடு 10 நிமிடம். பிபார்-ஆல்ஃபா ஆன்டிபாடிகளில் பல நம்பத்தக்கவை அல்ல. மரபணுவிலேயே ஹெச்ஏ அடையாளம் செருகிய வரிசை இருந்தால் அதுவே மேல்.

கடைசியாக, ஓலியேட் மரபணுவைத் தொட ஏற்பி தேவையே இல்லாத வழி ஒன்றும் உண்டு. கொழுப்பு அமிலம் எரிந்து வரும் அசிட்டைல்-கோஏ, சிட்ரேட்டாக மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியேறி, ஏசிஎல்ஒய் நொதியால் மீண்டும் அசிட்டைல்-கோஏ ஆகி ஹிஸ்டோனில் ஏறும். ஆக்டனோயேட் கொடுத்த செல்களில், சில ஹிஸ்டோன் லைசின்களின் அசிட்டைல் கார்பனில் 90% வரை கொழுப்பு அமிலத்திலிருந்தே வந்தது என்று 2016-இல் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கார்பன்-13 ஓலியேட் கொடுத்து ஹிஸ்டோனில் குறி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எடோமாக்சிர் போட்டு எரிப்பை நிறுத்துவதானால் 3 முதல் 5 மைக்ரோமோலாருக்குள் இருங்கள். 100-க்கு மேல் அது மைட்டோகாண்ட்ரியாவின் முதல் வளாகத்தையே தடுக்கும். அப்போது எதைத் தடுத்தோம் என்றே தெரியாது. எரிப்பு நின்றும் மரபணு ஏறினால், பலநேரம் இன்னும் அதிகமாக ஏறினால், ஏற்பி வழிக்கு வலு கூடுகிறது.

---

துளிநோக்கி

பச்சைத் துளிகள் பற்றி. கல்லீரல் செல்களில் உட்கருத் துளிகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் உட்கரு உறை உள்நோக்கி மடிந்த குழாய்க்குள் சைட்டோபிளாசத் துளி நுழைந்தால், ஒரு தளப் படத்தில் அதுவும் உட்கருவுக்குள் இருப்பது போலவே தெரியும். லாமின் ஆன்டிபாடி போட்டு, 0.2 மைக்ரோமீட்டர் இடைவெளியில் அடுக்குப் படம் எடுங்கள். துளியைச் சுற்றி லாமின் வளையம் இருந்தால் அது மடிப்புக்குள் இருப்பது. வளையம் இல்லாமல், டிஎன்ஏவைக் காட்டும் டாபி சாயத்தில் அந்த இடம் கருமையான ஓட்டையாகத் தெரிந்தால் உட்கருத் துளியாக ஏற்கலாம். செல்லை மெத்தனாலில் நிலைப்படுத்தினால் துளிகள் கரைந்து ஒன்றோடொன்று சேரும். பாராஃபார்மால்டிஹைடு 4% போதும். ஊடுருவச் செய்ய 0.1% சபோனின் துளிகளுக்கு நல்லது, ஆனால் அது உட்கரு உறையைச் சரியாகத் திறக்காது. லாமினுக்காக ட்ரைட்டான் போட்டே ஆக வேண்டும் என்றால் 0.1 சதவீதத்தில் 5 நிமிடத்தோடு நிறுத்துங்கள். ஜிஎஃப்பி இருக்கும் செல்லில் பாடிபி 493/503 வேண்டாம். அடர்சிவப்புச் சாயம் எடுங்கள்.

இவை பிறக்கும் வழியும் செல்லுக்குச் செல் மாறும். ஹூ7 போன்ற கல்லீரல் செல்களில், விஎல்டிஎல்-க்காக (கல்லீரல் இரத்தத்துக்கு அனுப்பும் கொழுப்புத் துகள்) எண்டோபிளாச வலையின் உள்ளறையில் உருவான துளிகள், உட்சவ்வு மடிப்பில் லாமின் குறைந்த இடங்கள் வழியாக உள்ளே நழுவுகின்றன. அதனால் அத்துளிகளில் கொழுப்பை ஏற்றும் எம்டிபி புரதத்துக்குத் தடுப்பான் போட்டால் அவை குறையும். யு2ஓஎஸ் என்ற எலும்புப் புற்றுநோய்ச் செல்களில் உட்சவ்விலிருந்தே, வழக்கமாகத் துளி உண்டாக உதவும் செய்பின் புரதத்தின் துணையில்லாமல் முளைக்கின்றன. ஈஸ்ட்டில் உட்சவ்வே துளி உண்டாக்கும் இடம் என்பது 2018-இல் தெரிந்தது. ஹெப்-ஜி2-இல் எம்டிபி தடுப்பான் ஒரு நல்ல சோதனை.

மரபணுவோடு இவற்றின் தொடர்பு பற்றி நிதானமாக எழுதுங்கள். பிஎம்எல் புரதம் இவற்றில் ஒட்டுகிறது என்பதும், பாஸ்ஃபாடிடைல்கோலின் தயாரிப்பின் வேகத்தை முடிவு செய்யும் சிசிடி-ஆல்ஃபா இவற்றின் மேல் அமர்ந்து செயல்படத் தொடங்குகிறது என்பதும் உறுதி. அதற்கு மேல், "துளி இருப்பதால் இன்ன மரபணு ஏறியது" என்று சொல்லத் துளியை மட்டும் நீக்கிக் காட்ட வேண்டும். ஓலியேட்டை நிறுத்தினால் துளியும் போகும், லிகண்டும் போகும். அது சோதனையே ஆகாது.

---

செல்வலை

மிக்க நன்றி. கலவைச் சோதனையை உடனே திட்டமிடுகிறேன். பிஐபி2 ஒரு உட்கருப் புரதத்தில் ஒட்டுகிறது என்று காட்ட லிப்பிட் ஸ்ட்ரிப் (லிப்பிட் பொட்டுகள் வைத்த காகிதம்) போதுமா? ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டை மீடியத்தில் சேர்த்தால் ஹெச்டாக் அடங்குகிறதா என்றும் பார்க்க எண்ணம்.

---

இனோசிடால்

ஸ்ட்ரிப் போதாது. காகிதத்தில் காய்ந்த லிப்பிட்டின் வால் எது, தலை எது என்ற ஒழுங்கு கிடையாது. காரப் புரதம் எதுவானாலும் எதிர்மின்னூட்டம் கண்ட இடத்தில் ஒட்டும். ஹிஸ்டோனை வைத்துப் பாருங்கள், எல்லாப் பொட்டும் ஒளிரும். ஸ்ட்ரிப்பைத் தேடலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, லிப்போசோம் (செயற்கைச் சவ்வுக் குமிழ்) மிதவைச் சோதனைக்குப் போங்கள்: பாஸ்ஃபாடிடைல்கோலின் 75, பாஸ்ஃபாடிடைல்எத்தனாலமைன் 20, பிஐபி2 5 மோல் சதவீதம், உப்பு 150 மில்லிமோலார். பிஐபி2-க்குப் பதில் அதே மின்னூட்டம் வரும்படி பாஸ்ஃபாடிடைல்செரினைக் கூட்டிய லிப்போசோம் கட்டாயம் வேண்டும். அதிலும் ஒட்டினால் உங்கள் புரதம் படிப்பது மின்னூட்டத்தை, பிஐபி2-ஐ அல்ல.

இரண்டு கண்ணிகள். புரதத்தோடு பாக்டீரிய டிஎன்ஏ ஒட்டி வந்தால் அதுவே லிப்பிட்டோடு போட்டியிடும், டிஎன்ஏவைச் சிதைக்கும் பென்சொனேஸ் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றது, லைசின்–ஆர்ஜினின் கொத்தை அலனைனாக மாற்றும் திரிபு. அந்தக் கொத்துதான் பல புரதங்களில் உட்கருவுக்குள் போகும் முகவரியும் டிஎன்ஏவைப் பிடிக்கும் கையும். திரிபு சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிட்டால் மரபணு விளைவு போனதற்கும் லிப்பிட்டுக்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் வேறொரு உட்கரு முகவரியைச் சேர்த்துத் திரும்பச் செய்ய வேண்டும்.

செல்லில் பிஐபி2-ஐக் காட்ட ஆன்டிபாடி ஒன்றை மட்டும் நம்பாமல், பிஐபி2-ஐப் பிடிக்கும் பிஎல்சி-டெல்டா1-இன் பிஹெச் பகுதியைத் தூய புரதமாகச் சேர்த்துப் பாருங்கள். கூடவே பிஐபி2-ஐப் பிடிக்காத 40-ஆம் ஆர்ஜினின் திரிபு. ட்ரைட்டான் போட்டால் செல் சவ்விலிருக்கும் குறி போய் ஸ்பெக்கிள் தெளியும், சபோனினில் தலைகீழ். ஒரே தட்டில் இரண்டையும் அளவு ஒப்பிட முடியாது.

ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்டை மீடியத்தில் சேர்க்க வேண்டாம். அது செல் சவ்விலுள்ள தன் ஏற்பிகளை இயக்கிவிடும். வரும் விளைவு அங்கிருந்து கிளம்பியதாகவே இருக்கும். 2009-இல் காட்டப்பட்டது வேறு: ஸ்பிங்கோசின் கைனேஸ்-2 உட்கருவுக்குள்ளேயே, ஹெச்டாக் 1, 2 இருக்கும் வளாகத்தில் சேர்ந்து நின்று, பி21, சி-ஃபாஸ் மரபணுக்களின் புரோமோட்டரில் அந்த லிப்பிட்டை உண்டாக்குகிறது, அது அங்கேயே ஹெச்டாக்கைப் பிடித்து அடக்குகிறது. எனவே கைனேஸ்-2-ஐ நீக்கிய செல், அதில் இயல்பான நொதி, வினைத்திறன் இல்லாத நொதி, உட்கரு முகவரி நீக்கிய நொதி என நான்கு தட்டுகள் வையுங்கள். ஹெச்3-இன் 9-ஆம் லைசின் அசிட்டைல் குறியைப் பி21 புரோமோட்டரில் சிப் செய்து பாருங்கள். இயல்பான நொதியில் மட்டும் குறி ஏறி, முகவரி நீக்கியதில் ஏறாமல் இருந்தால், உட்கருவுக்குள் உண்டான லிப்பிட்தான் வேலை செய்தது என்று எழுதலாம். உட்கருச் சாறில் ஹெச்டாக்கை ஆன்டிபாடியால் பிடித்து அதனோடு வரும் லிப்பிட்டையும் மாஸ் ஸ்பெக்கில் அளந்துவிடுங்கள். ஆன்டிபாடி மணிகளை மட்டும் வைத்த கட்டுப்பாட்டிலும் ஸ்பிங்கோலிப்பிட் கொஞ்சம் ஒட்டும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கணக்கு.